அப்பம்மாவின் குரலைப் பகிடியாக்கிய மகன்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நாற்பது வயதை நெருங்குகிறவர். அவர் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

பரம்பரையாகச் சைவக் குடும்பம். 2009இல் போரில் எல்லாவற்றையும் இழந்து செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்த நாட்களில், அங்கே வந்து ஜெபித்த ஊழியர்கள் மூலம் இவரும் கணவரும் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார்கள். மீள்குடியேறிய பிறகு ஊரிலுள்ள சிறிய சபையொன்றில் சேர்ந்தார்கள். கணவரின் தாய் மட்டும் சைவத்திலேயே நின்றார். இத்தனை வருடமும் ஒரே வளவு, ஒரே கிணறு, பெரும்பாலும் ஒரே அடுப்பு. சமயத்தால் பெரிய சண்டை வந்ததில்லை. மாமியின் இளைய மகன் 2009 மே மாதத்துக்குப் பிறகு என்ன ஆனார் என்று தெரியாது. வைகாசிப் பொங்கலுக்கு மாமி வருடந்தவறாமல் வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோவிலுக்குப் போவார். அங்கே அவருக்கு உரு வரும், அம்மன் இறங்கியதாக ஆடுவார். ஆடும்போது இளைய மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

கடந்த டிசம்பரில் சபையின் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு வாலிபர்கள் ஒரு நகைச்சுவை நாடகம் போட்டார்கள். விக்கிரகங்களை வணங்கும் ஊருக்கு வெளிச்சம் வருவதுதான் கதை. அதில் இந்தத் தாயின் 16 வயது மகன் மஞ்சள் சேலையைச் சுற்றிக்கொண்டு, கையில் வேப்பங்கொத்துடன் அப்பம்மாவைப் போலவே ஆடினான். அந்தப் பெயரையும் அதே இழுவையில் கூப்பிட்டான். மடு மாதாவின் சுரூபத்துக்கு முன் முழந்தாளில் நகரும் ஒரு பக்தர், செயற்கைக் காலுடன் சாய்ந்து நடக்கும் ஊர்க்காரர் என்று வேறு வேடங்களும் இருந்தன. சபை முழுவதும் சிரித்தது. இவரும் சிரித்தார். கணவர் மட்டும் எழுந்து வெளியே போய் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

யாரோ அதைக் கைத்தொலைபேசியில் எடுத்து வட்ஸ்அப் குழுவொன்றில் போட, ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மாமியும் பார்த்தார். ஒரு சொல் பேசவில்லை. மறுநாள் விடிய உடுப்புகளை உரப்பை ஒன்றில் போட்டுக்கொண்டு முள்ளியவளையிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கோவில் பக்கத்து இளைஞர்கள் பொலிசில் முறைப்பாடு செய்யப் போவதாகச் சொல்கிறார்கள். போதகரோ, "எலியா பாகாலின் தீர்க்கதரிசிகளைப் பரியாசம் பண்ணினார், பொய்யைப் பொய்யென்று காட்டுவது பாவமல்ல" என்கிறார்.

இவர் கேட்பவை இவை. கிறிஸ்தவர் மற்றவரைப் பகிடி பண்ணுவது பாவமா? எலியா செய்தது அப்படியானால் என்ன? எங்களையும்தான் 'அல்லேலூயாக்காரர்' என்று நக்கலடிக்கிறார்கள், அதற்கு யார் மன்னிப்புக் கேட்டார்கள்? மகனைப் பொலிஸ் பிடிக்குமா? மாமியிடம் மன்னிப்புக் கேட்டால் அம்மனை ஏற்றுக்கொண்டதாகிவிடாதா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஆம், அது பாவம். கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக்கொண்டு, கிறிஸ்து பிறப்புக்கு நடத்திய விழாவில் செய்ததால் அதன் பாரம் இன்னும் கூடுகிறது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்வது உங்களுக்கு உதவாது. ஏனென்றால் உங்கள் மனம் ஏற்கெனவே இதை அறிந்திருக்கிறது. அறியாதவர் இவ்வளவு நீண்ட கடிதம் எழுதமாட்டார்.

"நாங்கள் ஆளைப் பகிடி பண்ணவில்லை, விக்கிரக வணக்கத்தைத்தான் பகிடி பண்ணினோம்" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த மேடையில் என்ன இருந்தது என்று திரும்ப ஒருமுறை நினைத்துப்பாருங்கள். ஒரு மஞ்சள் சேலை. வயதான பெண்ணொருவரின் குரல். முழந்தாளில் நகர்கிற ஒருவர். சாய்ந்த ஒரு நடை. விக்கிரகம் ஏன் தெய்வமல்ல என்று அந்த நாடகத்தில் ஒரு வசனமாவது பேசப்பட்டதா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இல்லை. சனம் சிரித்தது ஒரு கொள்கையைக் கேட்டல்ல. தங்களுக்குத் தெரிந்த ஓர் ஆளை அடையாளம் கண்டுதான் சிரித்தது. பையன் எவ்வளவு தத்ரூபமாக ஆடினானோ அவ்வளவு சிரிப்பு.

செயற்கைக் கால் போட்டவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. போதகரின் நியாயம் அந்த ஒரு வரியிலேயே உடைந்துவிடுகிறது. எறிகணையிலோ மிதிவெடியிலோ காலை இழந்த மனிதர் சாய்ந்து நடப்பதில் என்ன விக்கிரக வணக்கம் இருக்கிறது? அவர் எந்தச் சமயத்தவர் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. எழுதத் தேவைப்படவில்லை, ஏனென்றால் நாடகத்துக்கு அது தேவைப்படவில்லை. சிரிப்புக்கு ஒரு நடை தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார்கள். செவிடனை நிந்திக்காதே, குருடனுக்கு முன்னால் தடுக்கலை வைக்காதே என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் கட்டளை இருக்கிறது. செவிடருக்கு நிந்தனை காதில் விழாது. ஆனாலும் கூடாது என்கிறது வேதம். அவர் கேட்கிறாரா, பார்க்கிறாரா என்பது அங்கே கணக்கில்லை. ஆகவே "வீடியோ வெளியே போயிராவிட்டால் ஒன்றுமில்லை" என்று நீங்கள் எழுதியதையும் நான் ஏற்க முடியாது. வீடியோ இல்லாவிட்டாலும் அது அதேதான்.

மடு மாதாவின் பக்தரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் சபைக்குச் சுரூப வணக்கத்தில் உடன்பாடில்லை. அது உங்கள் உரிமை. ஆனால் ஒகஸ்ட் 15 திருவிழாவுக்குக் காட்டுவழியே நடந்துபோய் முழந்தாளில் நகர்கிறவர் ஏதோ ஒரு நேர்த்தியோடு போகிறார்; பிள்ளையின் வருத்தமாக இருக்கலாம், சிறையிலிருக்கும் கணவராக இருக்கலாம். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது அந்தச் சுரூபத்தையே தேவன்பிட்டிக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தது. வன்னிச் சனம் இடம்பெயர்ந்தது போலவே மாதாவும் இடம்பெயர்ந்தார் என்று கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவரும் பேசியதுண்டு. அந்த நினைவின் மேல் கால் வைக்கும்போது பார்த்து வைக்கவேண்டும்.

மாமி யாரைக் கூப்பிடுகிறார்

இந்த இடத்தில் நான் உளவளத்துணையாளராகப் பேச வேண்டியிருக்கிறது.

காணாமற்போனவரின் தாய்க்கு வரும் துயரம் செத்தவீட்டுத் துயரம் போன்றதல்ல. செத்தவீட்டில் உடல் இருக்கும், பறை இருக்கும், எட்டுச் செலவு, அந்தியேட்டி, பிறகு வருடா வருடம் திவசம் என்று அழுவதற்கு நாளும் நேரமும் சடங்கும் இருக்கும். உங்கள் மாமிக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. மகன் இறந்துவிட்டார் என்று நம்பினால் மகனைக் கைவிட்டது போலாகும். உயிரோடிருக்கிறார் என்று நம்பினால் ஒவ்வொரு பின்னேரமும் படலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமற்போனோரின் உறவுகள் போராட்டம் தொடங்கிய பிறகு, மாமியும் பல நாள் அந்தப் பந்தலில் போய் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே திருநீறு பூசிய தாயும் செபமாலை வைத்திருந்த தாயும் ஒரே பாயில் மடியில் படத்தை வைத்துக்கொண்டு இருந்தார்கள். அந்தப் பாயில் யாரும் யாருடைய வழிபாட்டையும் பகிடி பண்ணவில்லை.

வருடம் முழுக்க மாமி அந்தப் பெயரை வீட்டில் உரக்கச் சொல்வதில்லை. மூத்த மகன் மனம் நோவார் என்று, பேரப்பிள்ளைகளுக்குப் படிப்புக் குழம்பும் என்று. வற்றாப்பளைப் பொங்கல் இரவில், உடுக்குச் சத்தத்துக்கும் சனக்கூட்டத்துக்கும் நடுவே, யாரும் "பேசாமல் இரு" என்று சொல்லாத இடத்தில், அவர் அந்தப் பெயரைத் தொண்டை கிழியக் கூப்பிடுகிறார். அம்மன் இறங்கியதா என்பதற்கு நீங்களும் அவரும் வேறு வேறு பதில் வைத்திருப்பீர்கள். அதை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. ஒரு தாய் தன் பிள்ளையைக் கூப்பிடுகிறார் என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. உங்கள் சபை சிரித்தது அந்தக் கூப்பாட்டைக் கேட்டு.

"ஏழையைப் பரியாசம்பண்ணுகிறவன் அவனை உண்டாக்கினவரை நிந்திக்கிறான், ஆபத்தைக்குறித்துக் களிக்கிறவன் தண்டனைக்குத் தப்பான்." நீதிமொழிகள் 17ஆம் அதிகாரம், 5ஆம் வசனம். மாமியைக் கேலி செய்யும்போது விக்கிரகத்தை நிந்திப்பதாக நினைத்தீர்கள். அவரை உண்டாக்கினவர் யார் என்று உங்கள் சபை போதிக்கிறதோ, அவரையே நிந்தித்திருக்கிறீர்கள் என்கிறது இந்த வசனம்.

எலியாவை எடுத்துக்கொண்டால் முழுமையாக எடுங்கள்

கர்மேல் மலையில் எலியா பரியாசம் பண்ணியது உண்மைதான். 1 இராஜாக்கள் 18:27. "உரத்த சத்தமாய்க் கூப்பிடுங்கள், உங்கள் தெய்வம் ஒருவேளை தூங்குகிறாராக்கும்" என்ற பொருளில் பேசுகிறார். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர் யாரைப் பார்த்துப் பேசினார்? பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் நானூற்றைம்பது தீர்க்கதரிசிகளை. அவர்களுக்குப் பின்னால் ஆகாப் ராஜாவும் அவன் மனைவி யேசபேலும் நின்றார்கள். யேசபேல் கர்த்தருடைய தீர்க்கதரிசிகளைச் சங்கரித்துக்கொண்டிருந்தவள். எலியாவோ "நான் ஒருவன் மாத்திரம் மீந்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு தனியாக நின்றார். ஆட்சியின் ஆதரவோடு ஆட்களைக் கொல்கிற கூட்டத்தின் முன், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பேசிய பேச்சு அது. தன் ஆட்களே நிறைந்த மண்டபத்தில், அங்கே இல்லாத ஒரு வயதான பெண்ணைப் பார்த்துப் பேசியதல்ல.

அதற்கு முந்திய அதிகாரத்தையும் போதகர் வாசிக்க வேண்டும். பஞ்ச காலத்தில் எலியா எங்கே தங்கினார்? சீதோனுக்கு அடுத்த சாறிபாத் ஊரில், ஒரு விதவையின் வீட்டில். சீதோன் யேசபேலின் தகப்பனுடைய நாடு. பாகால் வணக்கம் செழித்த மண். அந்தப் பெண் "உம்முடைய தேவனாகிய கர்த்தர்" என்றுதான் பேசுகிறாள், "என் தேவன்" என்று அல்ல. எலியா அவளுடைய கடைசி மாவில் சுட்ட அடையைச் சாப்பிட்டார். அவளுடைய ஊரையோ வணக்கத்தையோ கேலியாக ஒரு சொல்கூடச் சொன்னதாக எழுதப்படவில்லை. அவளுடைய மகன் இறந்தபோது அவள் மடியிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டுபோய் மேலறையில் கர்த்தரை நோக்கிக் கதறினார். உங்கள் மாமி கர்மேல் மலையில் நின்ற கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்ல. அவர் சாறிபாத்து விதவை. பிள்ளையைப் பறிகொடுத்தவர், பல வருடம் தன் அடுப்பில் உங்களுக்குச் சமைத்துப் போட்டவர்.

புதிய ஏற்பாட்டிலும் இதைவிடத் தெளிவான இடம் ஒன்று உண்டு. எபேசு தியானாள் தேவியின் பட்டணம். பவுல் அங்கே வருடக்கணக்கில் பிரசங்கித்தார். சிலை செய்கிற தட்டாரின் பிழைப்பே ஆட்டம் காணும் அளவுக்குப் பலர் மனம் மாறினார்கள். கலவரம் மூண்டபோது, விசுவாசியல்லாத ஒரு பட்டண அதிகாரி கூட்டத்தைப் பார்த்து, இவர்கள் கோவிலைக் கொள்ளையடித்தவர்களும் அல்ல, உங்கள் தேவியைத் தூஷித்தவர்களும் அல்ல என்று சாட்சி சொல்கிறார். அப்போஸ்தலர் 19:37. பவுலின் விசுவாசத்தில் விட்டுக்கொடுப்பே இல்லை. ஆனாலும் அந்த ஊர் அதிகாரி அப்படிச் சாட்சி சொல்லும்படி அவர்கள் நடந்திருக்கிறார்கள். உங்கள் கிராம அலுவலர் இன்று உங்கள் சபையைப் பற்றி அப்படிச் சொல்வாரா? போதகரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.

"எங்களையும்தான் நக்கலடிக்கிறார்கள்"

இது நியாயமான வலி. தரம் 6இலிருந்து மகனைப் பாடசாலையில் "அல்லேலூயா" என்று கூப்பிட்டார்கள், கண்ணை மூடிக் கையை உயர்த்தி அவனைப் போல ஜெபித்துக் காட்டினார்கள், ஒருநாள் அவன் வேதாகமத்தைத் தூக்கிக் கூரைமேல் எறிந்தார்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். இதை நீங்கள் கடிதத்தின் கடைசியில், ஒரு சாக்குப் போலச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கோ இது முதலில் வரவேண்டிய செய்தி. ஐந்து வருடமாகத் தன் உடலசைவையும் குரலையும் பிறர் செய்துகாட்டிச் சிரிப்பதை நின்று பார்த்த பிள்ளை, முதல் தடவையாக ஒரு மேடையில் அதையே இன்னொருவருக்குச் செய்தபோது கைதட்டல் வாங்கியிருக்கிறான். அவனுடைய மனம் கெட்டுவிட்டது என்று அழாதீர்கள். அவனுக்குச் செய்யப்பட்டதை அவன் கற்றுக்கொண்டான். பெரியவர்கள் அதைத் தடுக்காமல் கைதட்டினார்கள்.

ரோமாபுரியில் பலத்தீன் குன்றில் 1857இல் ஒரு பழைய சுவர்க் கீறல் கண்டெடுக்கப்பட்டது. சுமார் 1800 வருடத்துக்கு முந்தியது என்று கணிக்கிறார்கள். கழுதைத் தலையோடு ஒரு மனிதன் சிலுவையில் தொங்குகிறான். பக்கத்தில் ஓர் ஆள் கையை உயர்த்தி வணங்குகிறான். கீழே கிரேக்கத்தில் "அலெக்சாமெனோஸ் தன் தெய்வத்தை வணங்குகிறான்" என்று எழுதியிருக்கிறது. இயேசு சிலுவையில் தொங்குவதைக் காட்டும், இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய படங்களில் ஒன்று இது. வரைந்தவர் விசுவாசி அல்ல, ஒரு கிறிஸ்தவனைப் பகிடி பண்ணியவர். அடுத்த அறையின் சுவரில் வேறொரு கையால் "அலெக்சாமெனோஸ் விசுவாசமுள்ளவன்" என்று எழுதப்பட்டிருக்கிறது. இதை மகனுக்குக் காட்டுங்கள். பாடசாலையில் அவன் அலெக்சாமெனோஸாக இருந்தான். ஒளிவிழா மேடையில் சுவரில் கீறுகிறவனாக மாறிவிட்டான். இந்த இரண்டில் கிறிஸ்தவனின் இடம் எது என்று அவனே சொல்வான்.

சிரிப்பையே விட்டுவிடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். பங்கருக்குள் இருந்தும் பகிடி விட்ட சனம் நாங்கள். அந்தப் பகிடிகள் பெரும்பாலும் எங்கள் பசியையும் பயத்தையும் பற்றியவை. பக்கத்துப் பங்கரில் செத்தவரைப் பற்றியவை அல்ல.

சட்டம்

நான் சட்டத்தரணி அல்ல. பொதுவாகத் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். தண்டனைச் சட்டக்கோவையின் 291ஏ பிரிவு, ஒருவரின் சமய உணர்வைப் புண்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தோடு அவர் கேட்கப் பேசுவதையும் அவர் காணச் சைகை செய்வதையும் குற்றமாக்குகிறது. ஒரு வருடம் வரை சிறை விதிக்கலாம். 291பீ பிரிவு, ஒரு சமூகத்தாரின் சமயத்தைத் தீய நோக்கத்தோடு இழிவுபடுத்துவதைப் பற்றியது; இரண்டு வருடம் வரை. இவற்றைவிடக் கடுமையானது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். சமய வெறுப்பைப் பரப்பிப் பகைமையையோ வன்முறையையோ தூண்டினால் பத்து வருடம் வரை. பிணையும் மேல் நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். 2023இல் மேடையில் பேசிய பேச்சுகளுக்காக ஒரு போதகரும் ஒரு நகைச்சுவைக் கலைஞரும் கைதாகி விளக்கமறியலில் இருந்தது நாடறிந்த செய்தி.

இந்தப் பிரிவுகளில் எண்ணமும் நோக்கமும் முக்கியம். 16 வயதுப் பையன் ஒருவனின் நாடகத்தைப் பத்து வருடக் குற்றமாக நினைத்து நித்திரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்காக அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். வீடியோவைப் போட்ட குழுவிலிருந்து அதை நீக்கும்படியும் யாரும் மேற்கொண்டு அனுப்பக்கூடாதென்றும் இன்றே கேளுங்கள். பொலிசிலிருந்து அழைப்பு வந்தால் பையனைத் தனியாக அனுப்பாதீர்கள். பெற்றோர் ஒருவரும் சட்டத்தரணியும் கூடப் போகட்டும். வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். கோவில் இளைஞர்களோடு வாட்ஸ்அப்பில் வாதாட வேண்டாம். கோவில் தலைவரை ஒரு மூத்தவரோடு நேரில் போய்ப் பாருங்கள். முறைப்பாட்டைத் தவிர்ப்பதற்காக அல்ல. அவர்களுக்கும் ஒரு மன்னிப்புக் கடன் இருக்கிறது.

முள்ளியவளைக்குப் போகும்போது

முதலில் நீங்கள் போக வேண்டியது மாமியிடமல்ல, உங்கள் கணவரிடம். அவரைப் பற்றி நீங்கள் எழுதியது மோட்டார் சைக்கிள் துடைத்த ஒரு வரி மட்டுமே. "அவர் எதற்கும் ஒன்றும் சொல்லமாட்டார்" என்று முடித்துவிட்டீர்கள். சகோதரி, மேடையில் கூப்பிடப்பட்டது அவருடைய தம்பியின் பெயர். கூப்பிட்டது அவருடைய மகன். சிரித்தவர்களில் அவருடைய மனைவியும் இருந்தார். அவர் ஒன்றும் சொல்லாததை அவருக்கு ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முள்ளியவளைக்குப் புறப்படுமுன் ஓர் இரவு அவரோடு இருந்து, "நான் சிரித்தது பிழை" என்று அவரிடம் சொல்லுங்கள். பிறகு அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டாலும் பக்கத்தில் இருங்கள்.

மாமியிடம் போகும்போது விளக்கம் எதுவும் கொண்டுபோகாதீர்கள். "உங்களுக்கு மனம் நொந்திருந்தால்" என்று தொடங்க வேண்டாம். நொந்திருக்கிறது, உரப்பையோடு போனவருக்கு அதில் சந்தேகமே இல்லை. "பிள்ளை விளையாட்டுக்குச் செய்தான்" என்றும் சொல்ல வேண்டாம். தனக்கடுத்தவனை வஞ்சித்துவிட்டு "நான் விளையாட்டுக்கல்லவோ செய்தேன்" என்கிறவனைக் கொள்ளியும் அம்பும் எறிகிற பைத்தியக்காரனுக்கு ஒப்பிடுகிறது நீதிமொழிகள் 26. "உங்கள் பிள்ளையைக் கூப்பிட்ட குரலைப் பகிடியாக்கினோம், நான் சிரித்தேன், பிழை, மன்னியுங்கள் மாமி." இவ்வளவு போதும். அன்றைக்கே திரும்பி வரச்சொல்லிக் கெஞ்ச வேண்டாம். அவர் சுணங்கினால் சுணங்கட்டும். அந்தப் பயணத்தில் சுவிசேஷமும் வேண்டாம்.

மன்னிப்புக் கேட்டால் அம்மனை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்ற பயம் தேவையற்றது. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு, முதலில் உன்மேல் குறை உள்ளவனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னபோது, அவன் உன் சபைக்காரனாக இருந்தால் மட்டும் என்று சொல்லவில்லை. சமாரியப் பெண்ணிடம் "நீங்கள் அறியாததைத் தொழுதுகொள்ளுகிறீர்கள்" என்று முகத்துக்கு நேரே சொன்னவரும் அவர்தான், அவளிடம் தண்ணீர் கேட்டுக் குடிக்க நின்றவரும் அவர்தான். உங்கள் விசுவாசத்தை மாமி நன்றாக அறிவார். அதில் அவருக்கு இதுவரை குறை இருந்ததாக நீங்கள் எழுதவில்லை.

செயற்கைக் கால் போட்டவரின் வீட்டுக்கும் போக வேண்டும். அது வேறு பயணம், இதோடு சேர்த்துவிடாதீர்கள்.

மகனிடம்

அடிக்க வேண்டாம். சபையின் முன் நிறுத்தி வெட்கப்படுத்தவும் வேண்டாம். அது அதே பாடத்தை இன்னொரு தடவை படிப்பிப்பதாகும். சித்தப்பாவின் படத்தை எடுத்து அவனுக்குக் காட்டுங்கள். அவன் மெனிக் பாமுக்குக் கைக்குழந்தையாகப் போனவன். அதற்கு முந்திய வாரங்களில் பங்கருக்குள் அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடந்தவர் அந்தச் சித்தப்பாதான் என்று எழுதியிருக்கிறீர்கள். இது அவனுக்குத் தெரியுமா? உங்கள் கடிதத்தில் இல்லை. தெரியாது என்றே நினைக்கிறேன். வீட்டில் யாரும் சொல்லாத கதையின் ஒரே மிச்சம் அவனுக்கு அப்பம்மாவின் அந்தச் சத்தம்தான். அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அவன் அதைச் செய்துகாட்டியிருக்கிறான். சொல்லுங்கள். தகப்பனே சொன்னால் இன்னும் நல்லது. அதன்பிறகு அப்பம்மாவிடம் என்ன பேசுவது என்று அவனே கண்டுபிடிக்கட்டும். வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள்.

போதகரிடம்

போதகரைக் கேள்வி கேட்பது கீழ்ப்படியாமை அல்ல. அந்தியோகியாவில் பேதுரு பிழையாக நடந்தபோது பவுல் முகமுகமாய் எதிர்த்தார் என்று கலாத்தியர் 2இல் இருக்கிறது. ஆனால் முதலில் தனியாகப் பேசுங்கள், கணவரோடு போங்கள், வட்ஸ்அப்பில் எழுத வேண்டாம். மூன்று காரியம் கேளுங்கள். வீடியோ நீக்கப்பட வேண்டும். நாடகம் பிழை என்று அவரே ஞாயிறு ஆராதனையில் சொல்ல வேண்டும்; சிரித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். இனிமேல் வாலிபர் நாடகம் மேடையேறுமுன் பெரியவர் ஒருவர் வாசித்துப் பார்க்க வேண்டும். அவர் மறுத்தால் சபையை விடுவதா என்ற கேள்வி உங்களுக்குள் எழும். அந்த முடிவை இந்த மாதம் எடுக்காதீர்கள். மாமியின் காரியம் முதலில் நடக்கட்டும்.

மாமி பேசுவதற்கு ஒருவர் வேண்டுமென்று விரும்பினால், பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று கேளுங்கள். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் போகலாம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே அழைக்கலாம். அது உங்கள் கணவருக்கும் பயன்படும். உருவேறி ஆடுவதை நிறுத்துவதற்காக மாமியை அங்கே அனுப்ப வேண்டாம். அவர் தானாக விரும்பினால் மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள்.